தண்ணீர் வருவதற்குள் கேளுங்கள்: வாசகர் கேள்வி பதில்

அரசாங்கக் கணக்கை இணையத்தில் பார்ப்பது, பார்த்த பிறகு கேள்வி கேட்பது குறித்து டெல்டா வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

எங்கள் ஊர் வாய்க்காலைத் தூர்வாரியதாகப் போர்டு வைத்திருக்கிறார்கள். பார்த்தால் புல்லைச் செதுக்கிவிட்டுப் போன மாதிரிதான் இருக்கிறது. ஜூன் கடைசியில் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன். பதில் வருவதற்குள் வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. இனி என்ன செய்வது?
– வாசகர், திருத்துறைப்பூண்டி வட்டம்

டெல்டாவில் பலர் தோற்றுப்போவது இந்த இடத்தில்தான். மனுவில் பிழை இல்லை, தேதிதான் பிழை. தூர்வாரும் வேலை ஏப்ரலில் தொடங்கி ஜூன் முதல் வாரத்தோடு முடிகிறது. மேட்டூர் வழக்கமாகத் திறப்பது ஜூன் 12. கல்லணையை இரண்டு மூன்று நாள் கழித்துத் திறப்பார்கள். தகவல் கொடுக்கச் சட்டம் தரும் அவகாசம் 30 நாள். ஜூனில் கேட்டால் ஜூலையில்தான் பதில் வரும். அதற்குள் தண்ணீர் ஓடி, சேறு இடம் மாறி, அளக்க ஒன்றும் மிஞ்சாது.

இந்த வருடத்துக்குக் காகிதத்தை மட்டும் வாங்கி வையுங்கள். அடுத்த வருடத்துக்கு இப்படிச் செய்யுங்கள்.

பிப்ரவரி, மார்ச்சில் அறுவடை முடிந்து வாய்க்கால் காய்ந்திருக்கும்போது, 100 மீட்டருக்கு ஓர் இடமாகக் குறித்துக்கொள்ளுங்கள். மதகு, மின்கம்பம், கல்வெர்ட் என்று நகராத ஓர் அடையாளம் பக்கத்தில் இருக்கட்டும். ஒவ்வோர் இடத்திலும் இரு கரைக்கும் குறுக்கே கயிறு கட்டி, நடுவில் தொங்கவிட்ட டேப்பால் கயிற்றிலிருந்து தரைவரை உள்ள ஆழத்தை எடுங்கள். டேப்பின் எண் தெரிகிற மாதிரி, இருப்பிட அடையாளம் பதிவாகும் கேமரா ஆப்பில் படம் எடுங்கள். வேலை முடிந்த மறுநாள் அதே இடங்களில் மறுபடி அளக்க வேண்டும். கரை மேட்டையும் வெட்டியிருந்தால் கயிறு தாழ்ந்து கணக்குக் கெட்டுவிடும். அதனால் கயிற்றின் உயரத்தையும் அந்த மதகையோ கம்பத்தையோ வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரலில் தமிழக அரசின் டெண்டர் இணையதளத்தைப் பாருங்கள். வாய்க்கால் பெயரைப் போட்டுத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. ஆங்கில எழுத்தில் ஒரே பெயரை நாலு விதமாக எழுதுவார்கள். பல வாய்க்கால்களைச் சேர்த்து ஒரே டெண்டராக விடுவதும் உண்டு. மாவட்டம், கோட்டம், தேதி இவற்றை வைத்துத் தேடி, பட்டியலை ஒவ்வொன்றாகத் திறந்து படிப்பதே வழி.

மனுவை எந்த அலுவலகத்துக்கு அனுப்புவது என்பதிலும் குழப்பம் வரும். ஆறுகளும் பெரிய வாய்க்கால்களும் நீர்வளத் துறையைச் சேர்ந்தவை. அவற்றிலிருந்து பிரியும் சிறிய, சி, டி வகை வாய்க்கால்கள் பலவற்றை வேளாண் பொறியியல் துறை தூர்வாருகிறது. தவறான இடத்துக்கு அனுப்பிவிட்டாலும் மனு செத்துப்போகாது. பிரிவு 6(3) படி, அவர்களே 5 நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும். இருந்தாலும் அந்த 5 நாள் உங்கள் கணக்கில் கழியும்.

‘ஏன் சரியாகத் தூர்வாரவில்லை?’ என்று கேட்காதீர்கள். காரணம் கேட்கும் கேள்விக்கு ‘இது சட்டப்படி தகவல் ஆகாது’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். இருக்கிற காகிதத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்: மதிப்பீடும் குறுக்குவெட்டு வரைபடமும், பணி ஆணை, வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த மட்ட அளவுகள், எம் புக் (செய்த வேலையின் அளவைப் பதியும் புத்தகம்) பக்கங்களின் நகல், பணம் கொடுத்த பில். கூடவே ஒரு வரி: ‘பிரிவு 2(ஜே) படி நடைபெறும் பணியை நேரில் பார்வையிட அனுமதி வேண்டும்.’ இந்த வரியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். காகிதம் பிறகும் கிடைக்கும், காய்ந்த வாய்க்கால் பிறகு கிடைக்காது.

மதிப்பீட்டில் நீளம் 1,200 மீட்டர், சராசரி அகலம் 3 மீட்டர், எடுக்க வேண்டிய மண்ணின் ஆழம் அரை மீட்டர் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,800 கன மீட்டர். ஒரு யூனிட் என்பது 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். அப்படியானால் ஏறக்குறைய 636 யூனிட் மண். வாய்க்காலின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் ஒன்றரை கன மீட்டர் மண் வெளியே வந்திருக்க வேண்டும். இரு கரையிலும் பாதிப் பாதியாகப் போட்டிருந்தால், ஒவ்வொரு கரையிலும் அடி அகலம் 2 மீட்டர், உயரம் முக்கால் மீட்டர் உள்ள மேடு தொடர்ச்சியாகத் தெரிய வேண்டும். வெட்டிய மண் உப்பும் என்பதால் மேடு இதைவிடக் கொஞ்சம் பெரிதாகவே இருக்கும். கணுக்கால் உயரத்துக்கு மட்டும் மண் கிடந்தால், மீதி எங்கே போனது என்று கேட்கலாம். டிப்பரில் ஏற்றிப் போனதாகச் சொன்னால் அதற்கும் பதிவு இருக்க வேண்டும்.

மனுவை மாநில அரசின் தகவல் உரிமை இணையதளத்திலும் போடலாம். உங்களுக்கு வேண்டிய அலுவலகம் அந்தப் பட்டியலில் இல்லையென்றால், 10 ரூபாய் கோர்ட் பீஸ் ஸ்டாம்பு ஒட்டி, ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதிலும் பலனில்லை என்றால் 90 நாளுக்குள் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. காலக்கெடு தாண்டியபின் கொடுக்கும் நகலுக்குப் பணம் வாங்கக் கூடாது என்று பிரிவு 7(6) சொல்கிறது. மேல்முறையீட்டில் இதைத் தவறாமல் எழுதுங்கள்.

கிராம சபையில் வரவு செலவு வாசிக்கிறார்கள், ஒன்றும் புரிவதில்லை. முன்கூட்டியே இணையத்தில் பார்க்க முடியுமா?
– வாசகி, மன்னார்குடி

முடியும். மத்திய ஊராட்சி அமைச்சகத்தின் இ-கிராம்ஸ்வராஜ் இணையதளம் 2020 ஏப்ரல் 24 முதல் இருக்கிறது. நிதியாண்டு, மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று வரிசையாகத் தேர்ந்தெடுத்தால் அந்த வருடத்துத் திட்டமும், செலவு வவுச்சர்களும் வரும்.

ஒரே பெயரில் இரண்டு மூன்று ஊராட்சிகள் இருக்கும் மாவட்டங்கள் இவை. ஒன்றியத்தையும் ஊராட்சியின் எல்.ஜி.டி. குறியீட்டையும் (ஒவ்வோர் ஊராட்சிக்கும் தரப்பட்ட தனி எண்) சரிபாருங்கள். பக்கத்து ஒன்றியத்துக் கணக்கை எடுத்துக்கொண்டு சபையில் எழுந்து நின்றால், அதன் பிறகு நீங்கள் கேட்கும் நியாயமான கேள்விக்கும் மரியாதை இருக்காது. அடுத்தது, திட்டத் தொகையும் செலவான தொகையும் ஒன்றல்ல. ‘5 லட்சம் சாப்பிட்டுவிட்டார்கள்’ என்று பேசுவதற்கு முன் வவுச்சர் பக்கத்தைத் திறந்து, உண்மையில் எவ்வளவு போயிருக்கிறது என்று பாருங்கள். அந்தத் தளத்தில் தெளிவாகத் தெரிவது பெரும்பாலும் மத்திய நிதிக்குழு மானியம்தான். வீட்டு வரி, மாநில நிதிக்குழு மானியம் ஆகியவற்றின் கணக்கை ஊராட்சியில் தனியாகக் கேட்க வேண்டும்.

15-வது நிதிக்குழு மானியத்தில் 2021–22 முதல் 2025–26 வரை 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே. ரோட்டுக்கு அந்தப் பணத்தை எடுத்திருந்தால் அதுவே ஒரு கேள்வி.

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு கிராம சபை. தேர்ந்தெடுத்த தலைவர் இல்லாமல் ஊராட்சி தனி அலுவலர் கையில் இருந்தாலும் சபை நடக்க வேண்டும். சபைக்கு இரண்டு வாரம் முன்பு நாலைந்து வவுச்சர்களின் எண், தேதி, தொகை, வேலையின் பெயரைத் தாளில் எழுதிக்கொண்டு, அந்த இடத்துக்கே போய்ப் பாருங்கள். குழாய் போட்டதாக இருந்தால் குழாயைப் பாருங்கள். சபையில் ‘இந்தத் தேதியில் இந்த எண் வவுச்சர், இந்த வேலை எந்தத் தெருவில் நடந்தது?’ என்று ஒன்றே ஒன்று கேளுங்கள். கேள்வியும் பதிலும் தீர்மானப் புத்தகத்தில் ஏற வேண்டும். கையெழுத்துப் போடுவதற்கு முன் வாசித்துப் பாருங்கள். வெற்றுத் தாளில் ஒருபோதும் கையெழுத்து வேண்டாம்.

முதல்வரின் உதவி மைய எண் 1100-க்கு போன் செய்து புகார் பதிந்தேன். ‘தீர்வு காணப்பட்டது’ என்று செய்தி வந்துவிட்டது. சாக்கடை அப்படியே இருக்கிறது.
– வாசகர், கும்பகோணம்

மனு எண்ணை வைத்துக்கொண்டு அதே துறையில் தகவல் உரிமை மனு போடுங்கள். ‘மேற்படி மனு மீது நடந்த கள ஆய்வு அறிக்கை, ஆய்வு செய்தவரின் பதவிப் பெயர், ஆய்வு தேதி, மனுவை முடித்துவைத்த உத்தரவு, கோப்புக் குறிப்புகள் ஆகியவற்றின் நகல்’ என்று கேளுங்கள். யாரும் நேரில் வரவில்லையென்றால் அறிக்கை இருக்காது. அறிக்கை இல்லை என்ற பதிலோடு மனுவைத் திரும்பத் திறக்கச் சொல்வது எளிது. அடுத்த முறை ஒரு மனுவில் ஒரு கோரிக்கை மட்டும் எழுதுங்கள். சாக்கடை, தெருவிளக்கு, பட்டா மூன்றையும் ஒரே மனுவில் போட்டால், தெருவிளக்கு எரிந்ததும் மூன்றும் முடிந்ததாகக் கணக்கு எழுதிவிடுவார்கள்.

வெள்ள நிவாரணப் பயனாளிகள் பட்டியலைக் கேட்டேன். ‘தனிநபர் தகவல், தர இயலாது’ என்கிறார்கள். சரிதானா?
– வாசகர், மயிலாடுதுறை

முன்பு தனிநபர் தகவலாக இருந்தாலும் பொது நடவடிக்கையோடு தொடர்பு இருந்தால் பிரிவு 8(1)(ஜே)யின் கீழ் கொடுக்க இடம் இருந்தது. 2023-ம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்தப் பிரிவைத் திருத்தியது. திருத்தம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. இப்போது தனிநபர் தகவல் என்றாலே மறுக்கலாம் என்று படிக்கிற அளவுக்குப் பிரிவு சுருங்கிவிட்டது. கிராமத்தில் பொய்ப் பெயர்களைக் கண்டுபிடிக்க இருந்த முக்கியமான வழியை இது குறுக்கிவிட்டது என்பதே எங்கள் கருத்து.

வழி முழுதும் அடைபடவில்லை. பொதுநலன் பெரிதென்றால் கொடுக்கலாம் என்னும் பிரிவு 8(2) அப்படியே இருக்கிறது. மானியத் திட்டங்களின் தொகையையும் பயனாளிகள் விவரத்தையும் அலுவலகம் தானே வெளியிட வேண்டும் என்னும் பிரிவு 4(1)(பி)யும் இருக்கிறது. மனுவில் இரண்டையும் குறிப்பிடுங்கள். ஆதார், வங்கி எண், போன் எண் வேண்டாம் என்று நீங்களே எழுதிவிடுங்கள். பெயருக்கும் மறுத்தால், வருவாய்க் கிராமம் வாரியாக எத்தனை பேர், எத்தனை ஏக்கர், எவ்வளவு தொகை என்று கேளுங்கள். மொத்தச் சாகுபடிப் பரப்பைவிட நிவாரணப் பரப்பு அதிகமாக இருந்தால் பெயரில்லாமலே உண்மை வெளிவந்துவிடும்.

மேட்டூர் நீர்மட்டத்தைத் தினமும் வாட்ஸ்அப்பில் போடுகிறார்கள். கடைமடைக்கு அதனால் என்ன பயன்?
– வாசகர், வேதாரண்யம்

கணக்குத் தெரிந்தால் பயன் உண்டு. ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி. விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்கத் திறந்தால் ஒரு டி.எம்.சி. குறையும். 10,000 கன அடி திறப்பு என்றால் நாளுக்கு 0.86 டி.எம்.சி. மேட்டூரின் முழுக் கொள்ளளவு 120 அடியில் 93.47 டி.எம்.சி. இருப்பையும் வரத்தையும் வைத்து, இந்தத் திறப்பு எத்தனை நாள் தாங்கும் என்று நாற்று விடுவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளலாம். உச்ச நீதிமன்றத்தின் 2018 தீர்ப்புப்படி கர்நாடக எல்லையில் நீரை அளக்கும் பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு வர வேண்டிய 177.25 டி.எம்.சி.யில், ஜூனுக்கு 9.19, ஜூலைக்கு 31.24. வந்தது எவ்வளவு என்று மாதக் கடைசியில் ஒப்பிடுங்கள்.

ஆனால் மேட்டூர் எண் மட்டும் போதாது. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் நாலுக்கும் எவ்வளவு பிரிந்தது என்பதுதான் உங்கள் வயலைத் தீர்மானிக்கிறது. அதற்கும் கீழே, உங்கள் ஆற்றின் கடைசி இரண்டு ரெகுலேட்டர்களில் (ஷட்டர் வைத்துத் தண்ணீரைப் பிரித்துவிடும் இடங்கள்) எழுதப்படும் நீரளவுப் பதிவேட்டின் நகலைப் பத்துப் பத்து நாளாகக் கேட்டு வாங்குங்கள். ஷட்டர் எந்தத் தேதியில் எத்தனை அடி திறந்திருந்தது என்று ஷட்டரைப் பார்த்துக்கொள்ளும் ஊழியரான லஸ்கரிடம் சண்டை போடாமலே தெரிந்துவிடும்.