நல்ல வீட்டை ஏன் இடிக்கிறார்கள்?

கேள்வி: கிழக்கு ஜெர்மனியில் உறுதியான அடுக்குமாடி வீடுகளை அரசே பணம் கொடுத்து இடித்ததாகப் படித்தேன். வாடகை வீட்டுக்கு அலையும் எனக்கு வயிறு எரிகிறது. வீடில்லாதவர்களுக்குக் கொடுத்திருக்கலாமே? – ஒரு வாசகி, கரூர்

பதில்: உங்கள் ஆதங்கம் எனக்குப் புரிகிறது, சகோதரி. ஆனால் அங்கே அந்த வீடுகளைக் கேட்டு வர ஆளில்லை.

ஹோயர்ஸ்வெர்டா என்றோர் ஊர். 1950-களின் தொடக்கத்தில் சுமார் 7,000 பேர்தான். அருகில் பழுப்பு நிலக்கரி ஆலை எழுந்ததும், தொழிலாளர்களுக்காக வார்த்தெடுத்த கான்கிரீட் பலகைகளைப் பொருத்திப் புதுநகரம் கட்டினார்கள். 1981-ல் மக்கள்தொகை 70,000-ஐத் தாண்டியது. 1990-ல் ஜெர்மனி இணைந்தபின் நிலக்கரி வேலைகள் போயின. இளைஞர்கள் மேற்கே போனார்கள். இன்று எஞ்சியிருப்பது ஏறக்குறைய 30,000 பேர்.

முப்பது ஆண்டுகள் குடிநீர், வடிகால் வேலை பார்த்தவன் நான். காலியான ஜன்னல்களைவிட மண்ணுக்கடியில் கிடப்பதுதான் என்னைக் கவலைப்படுத்தும். 70,000 பேருக்காகப் பதித்த பாதாளச் சாக்கடையில் பாதிப் பேரின் கழிவுகூட வராவிட்டால் ஓட்டத்துக்கு வேகம் இராது. கசடு படியும், நாறும். நல்ல தண்ணீரை விட்டு அலச வேண்டியிருக்கும். குடிநீரும் குழாயிலேயே தேங்கிக் கெடும். பராமரிப்புச் செலவோ குறையாது. இருப்பவர்கள் தலையில் விழும். 2002-ல் அரசு இடிப்புக்குப் பணம் ஒதுக்கியபோது கிழக்கில் காலியாகக் கிடந்த வீடுகள் சுமார் பத்து லட்சம். ஊரின் விளிம்பிலிருந்து உள்நோக்கி இடித்தால் அங்கே செல்லும் குழாய்களையும் அடைத்துவிடலாம். அங்கொன்றும் இங்கொன்றுமாக இடித்தால் அந்தப் பயன் கிடைக்காது.

ஆனால் விளிம்பில் இருப்பவைதானே கடைசியாகக் கட்டிய வீடுகள்! வெந்நீரும் கணகணப்பும் உள்ள வீட்டுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, 1980-களில் சாவி வாங்கியவர்கள் இருபது ஆண்டுகளில் அந்தச் சுவர்கள் சரிவதைப் பார்த்தார்கள். கணக்கு சரிதான்; என் மனம் இன்னும் ஆறவில்லை.

கேள்வி: அப்படிச் சுருங்கிய ஊர் மறுபடி வளர்ந்ததுண்டா? – ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: அதே கிழக்கு ஜெர்மனியிலுள்ள லைப்சிக் நகரம் வளர்ந்தது. 1989-ல் சுமார் 5,30,000 பேர். 1998-ல் 4,40,000-க்கும் கீழே. பிறகு அண்டை ஊர்களை இணைத்ததில் கொஞ்சம் கூடியது, வேலை தேடியும் படிக்கவும் வந்தவர்களால் மேலும் கூடியது. இன்று ஆறு லட்சத்துக்கும் மேல். அங்கே பாழடையவிருந்த பழைய வீடுகளைக் கலைஞர்களுக்கும் இளைஞர்களுக்கும் திறந்துவிட்டார்கள். வாடகை கிடையாது; தண்ணீர், மின்சாரம் போன்ற செலவுகளை மட்டும் ஏற்று, கூரை ஒழுகாமல் பார்த்துக்கொண்டால் போதும். குடியிருப்பவர்களே வீட்டைக் காப்பதால் அவற்றுக்குக் 'காவலர் வீடுகள்' என்று பெயர்.