வெறும் பனி: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஸ்டாக்ஹோமில் மூன்று வருடமாக வேலை பார்க்கிறேன். பிப்ரவரியில் துருவ ஒளி பார்க்கக் குடும்பத்தோடு சுவீடனின் வடகோடியில் இருக்கும் கிருனா போனோம். ரயில் மணிக்கணக்காக ஓடியும் வெளியே வெறும் பனி, காடு, அவ்வளவுதான். இங்கே இன்னொரு சுரங்கம் வந்தால் யார் குடி முழுகிவிடும் என்று தோன்றியது. இரும்பும் அருமண் (ரேர் எர்த்) தாதுக்களும் இல்லாமல் காற்றாலை ஏது, மின்கார் ஏது? அங்கே வாழும் பழங்குடிகளான லாப் மக்களில் துருவமான் மேய்ப்பவர்கள் சில ஆயிரம் பேர்தான். அவர்களும் ஸ்னோமொபைல் என்ற பனி வண்டியில்தான் போகிறார்கள். நல்ல நஷ்ட ஈடு கொடுத்தால் தீராதா? பொதுவாக ஒரு குடும்பத்துக்கு எத்தனை மான் இருக்கும்?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

முதலில் ஒரு திருத்தம். லாப் என்பது மற்றவர்கள் வைத்த பெயர், அவர்கள் காதில் இழிசொல்லாகத்தான் விழும். அவர்கள் சாமி மக்கள். (நம்மூர்ச் சாமிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) அவர்களுடைய நிலம் சாப்மி. நார்வே, சுவீடன், ஃபின்லாந்து, ரஷ்யாவின் கோலா தீபகற்பம் என நான்கு நாடுகளில் பரந்து கிடக்கிறது.

ரயிலில் இருந்து நீங்கள் பார்த்த வெறும் பனிக்குக் கீழேதான் விஷயம் இருக்கிறது. குளிர்காலத்தில் துருவமான் பனியை மோந்து பார்த்து, முன்னங்காலால் குழி பறித்து, அடியில் இருக்கும், பாசி மாதிரித் தரையில் படரும் லைக்கனைத் தின்னும். லைக்கன் வருடத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். நடுக்குளிரில் ஒரு மழை பெய்து உறைந்துவிட்டால் போச்சு. லைக்கன்மேல் கண்ணாடி போட்ட மாதிரி பனிக்கட்டி மூடிக்கொள்ளும், வாசமும் வராது, குளம்பும் இறங்காது. உடனே மந்தையை வேறு காட்டுக்கு ஓட்டியாக வேண்டும். வடசாமி மொழியில் இதற்கு ‘குவொஹ்துன்’ என்று ஒரு சொல் உண்டு. மேய்ச்சல் என்று சொல்லலாம், ஆனால் தீனி இருந்தால் மட்டும் போதாது. மான் தோண்டி எடுக்கிற பதத்தில் பனியும் இருந்தால்தான் அது குவொஹ்துன். போன வாரம் இருந்தது இந்த வாரம் இருக்காது.

அதனால் பத்து வருடத்தில் ஒரே வருடம் கைகொடுக்கும் காடும் அவர்களுக்கு வேண்டும். மற்ற ஒன்பது வருடமும் அதிகாரியின் வரைபடத்தில் அது சும்மா கிடக்கும் இடம். நாம் ‘புறம்போக்கு’ என்று எழுதித் தள்ளிவிடுவோமே, அந்த மாதிரி.

வட சுவீடனில் ஜொக்மொக் ஊர்ப் பக்கம் காலொக் என்ற இடத்தில் இரும்புச் சுரங்கம் கேட்ட பிரிட்டன் நிறுவனத்தின் அன்றைய தலைவர், முதலீட்டாளர்களுக்கு அந்தக் காட்டின் படத்தைக் காட்டி “எந்த உள்ளூர் மக்கள்?” என்று கேட்டார். நீங்கள் ரயிலில் நினைத்ததும் கிட்டத்தட்ட இதுதான். எதிர்த்தவர்கள் அந்தக் கேள்வியையே தங்கள் முழக்கமாக்கிக்கொண்டார்கள். சாமி மக்களைப் பாதிக்கும் விஷயங்களில் அவர்களைக் கலந்து பேச வேண்டும் என்ற சட்டம் சுவீடனில் 2022 மார்ச் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. காலொக்குக்கு அரசு அனுமதி தந்தது அதே மார்ச் 22-ல்! இதற்குமேல் நான் என்ன எழுத?

சுரங்கக் குழி என்னவோ சிறியதுதான். லாரிப் பாதை, ரயில், தூசி, சத்தம் எல்லாம் சேர்ந்து மந்தையின் வழியை வெட்டுகிறதே, தொல்லை அங்கேதான். ஒவ்வொரு திட்டத்தையும் தனித்தனியாக எடைபோட்டு ‘பாதிப்பு குறைவு’ என்று முத்திரை குத்துகிறார்கள். முன்பே போட்ட சாலையும் அணையும் வெட்டிய காடும் அந்தக் கணக்கில் சரியாக ஏறுவதே இல்லை. கிருனாவில் 2023 ஜனவரியில் அறிவித்த அருமண் படிவத்தையே பாருங்கள். ஊரும் பழைய சுரங்கமும் ஏற்கெனவே நெருக்கிவிட்டன. கப்னா மேய்ச்சல் சமூகத்தின் மந்தை மேற்கே மலைக்கும் கிழக்கே குளிர்காலக் காட்டுக்கும் போய்வர மீந்திருப்பது ஒரு குறுகிய இடைவெளி. புதுப் படிவம் கிடப்பதும் அங்கேதான். ஒரு வழியை அடைத்தால் இரண்டு பருவத்து மேய்ச்சலும் போகும்.

ஸ்னோமொபைல் பற்றிக் கேட்டீர்கள். உழவர் டிராக்டர் வாங்கினால் நிலம் அவருடையது இல்லை என்று ஆகிவிடுமா? மானின் கழுத்தில் ஜிபிஎஸ் பட்டையும் கட்டுகிறார்கள். சுவீடனில் 2000 முதல் இந்தத் தடங்களையும் மேய்ச்சல்காரர் அறிவையும் சேர்த்து மேய்ச்சல் வரைபடங்கள் தயாரித்து வருகிறார்கள். வட்டாரத் திட்டம் போடுகிறவர் முதலில் இந்த வரைபடத்தை விரிக்க வேண்டும், மற்றதெல்லாம் பிறகு. நடப்பது தலைகீழ். முடிவெடுத்தபின் கருத்துக் கேட்கக் கூப்பிடுகிறார்கள்.

நஷ்ட ஈட்டுக்கு வருகிறேன். நார்வேயின் ஃபோசனில் 151 காற்றாலைகள். மேல்முறையீட்டு நீதிமன்றம் கிட்டத்தட்ட 9 கோடி குரோனர் (நார்வே நாணயம்) ஈடு கொடுக்கச் சொன்னது, மான்களைக் குளிர்காலத்தில் பட்டியில் அடைத்துத் தீனி போட. 2021 அக்டோபர் 11 அன்று உச்ச நீதிமன்றம் அந்தக் கணக்கை ஏற்கவில்லை. பண்பாட்டு உரிமை மீறப்பட்டது என்று ஒருமனதாகச் சொல்லி உரிமங்களைச் செல்லாதவை ஆக்கியது. காற்றாலைகள் நிற்கவில்லை. தீர்ப்பு வந்து 500 நாள் ஆனபோது சாமி இளைஞர்கள் ஆஸ்லோவில் அமைச்சக வாசலை மறித்தார்கள், அரசு மன்னிப்புக் கேட்டது. 2023 டிசம்பரிலும் 2024 மார்ச்சிலும் மேய்ப்பவர்களோடு உடன்பாடு வந்தது. காற்றாலைகள் இன்றும் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன.

உங்கள் பக்கமும் நியாயம் உண்டு. கிருனாவே சுரங்கத்தால் பிழைக்கும் ஊர். அந்தச் சுரங்கத்துக்காகத்தான் 1912-ல் கட்டிய மரத் தேவாலயத்தை 2025 ஆகஸ்ட்டில் அப்படியே சக்கரத்தில் ஏற்றி 5 கிலோமீட்டர் நகர்த்தினார்கள். சாமி மக்களிலும் பெரும்பாலோர் மான் மேய்ப்பதில்லை. சுரங்கமே கூடாது என்கிற கட்சியில் நான் இல்லை. வேண்டாம் என்று சொல்லும் உரிமை இல்லாதவரிடம் கேட்பதைக் கலந்தாலோசனை என்கிறார்களே, அதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

கடைசிக் கேள்வி. சுவீடனில் மொத்தம் சுமார் இரண்டரை லட்சம் மான்கள். ஆனால் அடுத்த முறை அங்கே போனால், “உங்களுக்கு எத்தனை மான்?” என்று யாரிடமும் கேட்டுவிடாதீர்கள். பேங்கில் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பதற்குச் சமம் அது. சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றிவிடுவார்கள்.