காரில் ஹாம் ரேடியோ: செட்டுக்கு முன்னால் ஆன்டெனாவும் வயரும்

கேள்வி: எனக்கு கோபிசெட்டிபாளையம் பக்கமுங்க. ஹாம், அதாவது பொழுதுபோக்கா வயர்லெஸ் பேசற அமெச்சூர் ரேடியோ பரீட்சை எழுதி, முதல் படியான ரெஸ்ட்ரிக்டட் கிரேடு உரிமம் வாங்கியிருக்கேன். 5 வாட் கைசெட் ஒண்ணு இருக்குது. இப்ப காரில் 50 வாட் வி.எச்.எஃப். (மிக உயர் அதிர்வெண்) செட் மாட்டலாம்னு இருக்கேன். அடிக்கடி திம்பம் மலை ஏறித் தாளவாடி போற வேலை. வழியில் பல இடத்தில் போன் எடுக்கறதில்லைங்க. கார் ஆக்சசரீஸ் கடையில், "சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகிக்கலாம், தனி வயரே வேண்டாம்"கிறாங்க. சர்வீஸ் சென்டரில், "வயரில் கை வெச்சா வாரண்டி போயிரும்"கிறாங்க. யார் பேச்சைக் கேட்கறதுங்க?

பதில்: கடைக்காரர் சொன்னதை விட்டுவிடுங்கள். சர்வீஸ் சென்டர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது.

50 வாட் வெளியே அனுப்பும் செட், மைக்கை அழுத்தும்போது பேட்டரியிலிருந்து சுமார் 10 முதல் 12 ஆம்பியர் வரை இழுக்கும். லைட்டர் சாக்கெட்டுக்குப் பல கார்களில் 10 அல்லது 15 ஆம்பியர் ஃபியூஸ்தான். அதற்குப் போகும் வயரும் மெல்லியது. பேச ஆரம்பித்ததும் வோல்டேஜ் இறங்கும், எதிர்முனையில் குரல் உடையும், செட் தானாக அணைந்துகூடப் போகும். தொடர்ந்து பேசினால் சாக்கெட் சூடேறும். கைசெட்டுக்கு சார்ஜ் ஏற்ற அந்த சாக்கெட் போதும். 50 வாட்டுக்கு ஆகாது.

பேட்டரியிலிருந்து நேராகத் தனி வயர் இழுப்பதுதான் முறை. பேட்டரிக்கும் செட்டுக்கும் 4 மீட்டர் தூரம் என்றால், போய்வர 8 மீட்டர் செம்பு வயர். 12 ஆம்பியர் ஓடும்போது 1 சதுர மி.மீ. வயரில் ஏறக்குறைய 1.6 வோல்ட் வழியிலேயே போய்விடும். 4 சதுர மி.மீ. வயரில் 0.4 வோல்ட்தான் போகும். வயரில் மிச்சம் பிடிக்காதீர்கள். ஃபியூஸ் பேட்டரி முனையை ஒட்டியே, அரை அடிக்குள் இருக்கட்டும். எஞ்சின் பக்கத்திலிருந்து வயர் உள்ளே நுழையும் தகட்டு ஓட்டையில் உரசி உரசித் தோல் கிழிந்தால், ஃபியூஸ் இல்லாத வயர் தீப்பிடிக்கும். அந்த ஓட்டைக்கு ரப்பர் வளையம் கட்டாயம். ஃபியூஸ் எத்தனை ஆம்பியர் என்பதைச் செட்டின் கையேட்டைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். புதிய கார்களில் பேட்டரியின் நெகடிவ் முனையில் சிறிய சென்சார் ஒன்று இருக்கும். அப்படி இருந்தால், செட்டின் நெகடிவ் வயரை அந்த முனையில் மாட்டாமல், பேட்டரியின் நெகடிவ் கேபிள் கார் பாடியோடு இணையும் போல்ட்டில் மாட்ட வேண்டும்.

வாரண்டிக்கு வருவோம். கம்பெனி வயரை வெட்டி ஒட்டுப்போட்டால் அவர்கள் கேள்வி கேட்பது நியாயம். பேட்டரியிலிருந்து ஃபியூஸோடு வரும் தனி வயர் எதையும் வெட்டுவதில்லை. அதையே எழுதிக் கொடுத்து, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். வாய்ப்பேச்சு நாளைக்கு நிற்காது. பல கார்களின் கையேட்டில், வெளியிலிருந்து ரேடியோ பொருத்த எத்தனை வாட், எந்த இடத்தில் ஆன்டெனா என்று ஒரு பகுதி இருக்கும். முதலில் அதைத் தேடுங்கள். ஹைப்ரிட், மின்சார வண்டிகளில் ஆரஞ்சு நிறக் கேபிள் பக்கம் கையே போகக் கூடாது.

ஆனாலும் உங்களுக்கு 50 வாட் செட் இப்போதே வேண்டுமா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. காருக்குள் இரும்புக் கூட்டில் உட்கார்ந்து கைசெட்டின் குட்டை ஆன்டெனாவில் பேசினால், அலையில் பெரும்பகுதி வெளியேறுவதே இல்லை. அதே 5 வாட் கைசெட்டைக் கூரை நடுவில் வைத்த ஆன்டெனாவோடு இணைத்துப் பாருங்கள். வித்தியாசம் காதிலேயே தெரியும். ஆன்டெனா எப்படியும் வாங்கப் போகிற பொருள்தான். முதலில் அதை மட்டும் வாங்கி, திம்பம் வரைக்கும் சில முறை போய்வந்து, எங்கே கேட்கிறது, எங்கே கேட்கவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். வி.எச்.எஃப். அலை பெரும்பாலும் நேர்ப்பார்வையில் போகும். குறுக்கே ஒரு மலை முதுகு நின்றால் 50 வாட்டும் சில இடங்களில் உதவாது.

145 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலை ஆன்டெனா (அலைநீளத்தில் கால் பங்கு நீளமுள்ளது) என்றால் ஏறத்தாழ 49 செ.மீ. கம்பிதான். 130 செ.மீ. கிட்ட வரும் நீள ஆன்டெனா சமவெளியில் தூரம் போகும். 27 கொண்டை ஊசி வளைவு ஏறும் உங்களுக்குக் குட்டையானதே நல்லது. அதன் அலை மேல்நோக்கியும் பரவும், மரக்கிளையிலும் அடிபடாது. காந்த அடி வைத்தது வாங்கினால் கூரையில் ஓட்டை போட வேண்டியதில்லை. ஆனால் கூரை இரும்பாக இருக்க வேண்டும், சன்ரூஃப் கண்ணாடியிலோ அலுமினியத்திலோ பிடிக்காது. அடியில் மணல் ஒட்டியிருந்தால் பெயின்ட் கீறும். வைக்கும் முன் கூரை, காந்த அடி இரண்டையும் துடையுங்கள். கேபிளைக் கதவின் ரப்பர் வழியே நசுங்காமல் விடுங்கள். மாட்டியதும், அனுப்பும் சக்தியில் எவ்வளவு ஆன்டெனாவிலிருந்து திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரில் 1.5-க்குக் கீழே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 2-ஐத் தாண்டினால் கம்பி நீளமோ இணைப்போ சரியில்லை. அப்படியே அழுத்திப் பேசினால் செட் கெடும். மீட்டர் விலைகொடுத்து வாங்க வேண்டாம், பக்கத்து ஹாம் நண்பரிடம் கேட்டால் எடுத்துக்கொண்டே வந்துவிடுவார்.

செட்டையோ வயரையோ ஏர்பேக் விரியும் பாதையில் வைக்க ஆட்டோ எலக்ட்ரீசியனை விடாதீர்கள். ஓட்டிக்கொண்டே கையில் மைக் பிடிப்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆவது பிரிவில் போய் நிற்கும். வண்டியை ஓரங்கட்டிப் பேசுங்கள். வண்டியில் வைத்து இயக்குவது பற்றி உங்கள் உரிமத்தின் நிபந்தனை என்ன சொல்கிறது என்று படித்துவிட்டு, அதன் நகலை வண்டியிலேயே வையுங்கள். பண்ணாரி சோதனைச் சாவடியில் ஆன்டெனாவைப் பார்த்து விசாரித்தால் காட்ட வேண்டியது அதுதான்.

வாங்கும் இடத்தில் ஒன்று கவனியுங்கள்: உங்கள் உரிமத்தைக் கேட்காமலே செட்டை விற்க முன்வருகிறவரிடம் வாங்க வேண்டாம். சீரியல் எண் போட்ட பில் அவசியம்.

ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும். போன் எடுக்காத இடத்துக்கு ரேடியோ துணைதான், ஆனால் அந்த நேரத்தில் அந்த அலைவரிசையில் யாராவது கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். 2004 சுனாமியின்போது அந்தமானிலிருந்து ஹாம்கள் செய்தி அனுப்ப முடிந்ததென்றால், நாடு முழுக்க மற்ற ஹாம்கள் செட்டை விட்டு எழாமல் காத்திருந்ததும் ஒரு காரணம். உங்கள் பயண நேரத்தைச் சத்தியமங்கலத்திலோ கோபியிலோ இருக்கும் ஒரு ஹாமிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

கேள்வி: பொள்ளாச்சியில் தென்னந்தோப்பு இருக்குதுங்க. தோப்பிலயும் லாரியிலயும் ஆளுங்க பேசிக்க ஆன்லைனில் 4 வாக்கி டாக்கி வாங்கினேன். லைசென்ஸ் வேண்டாம்னு போட்டிருந்தாங்க. அட்டையில் 136–174 மெகாஹெர்ட்ஸ்னு இருக்குது. இதுக்கு ஹாம் லைசென்ஸ் எடுத்தா சரியாயிருமா?

பதில்: ஆகாது. ஹாம் அலைவரிசையில் தொழில் சம்பந்தமாக ஒரு வார்த்தைகூடப் பேசக் கூடாது. உரிமம் இல்லாமல் பயன்படுத்த அனுமதி உள்ளவை 446.0–446.2 மெகாஹெர்ட்ஸில் குறைந்த சக்தியில் இயங்கும் செட்டுகள். அதிலும் அரசின் வகை ஒப்புதல் பெற்றவையாக இருக்க வேண்டும். உங்களிடம் இருப்பது அந்த ரகம் இல்லை. அதனால் பயன்படுத்தாமல் பெட்டியிலேயே வைத்துவிட்டு, பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். இப்படி உண்மையை மறைத்து வாக்கி டாக்கி விற்பதைத் தடுக்க, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025-இல் ஆன்லைன் விற்பனைத் தளங்களுக்குத் தனி நெறிமுறையே வெளியிட்டிருக்கிறது. தளம் மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழையுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடுக்க 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வழி செய்திருக்கிறது. 'லைசென்ஸ் வேண்டாம்' என்று போட்டிருந்த அந்தப் பக்கத்தை அவர்கள் மாற்றிவிடும் முன் இன்றைக்கே போனில் படம் பிடித்து வையுங்கள்.