வருடத்துக்கு ஒரு ஃபார்மேட் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வீட்டிலிருந்தே டிடிபி வேலை செய்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், சில சமயம் மாணவர்களின் ஆய்வேடு. 2018-இல் வாங்கிய லேப்டாப். 4 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. வருடத்துக்கு ஒருமுறை ஃபார்மேட் போட்டே ஆக வேண்டும், இல்லாவிட்டால் சிஸ்டம் படுத்துவிடும் என்கிறார் சர்வீஸ் செய்யும் தம்பி. போட்டதும் ஒரு மாதம் நன்றாக ஓடுகிறது. அப்புறம் பழையபடி ஆன் ஆகவே ஐந்து நிமிடம். போன முறை போட்ட பிறகு பழைய பத்திரிகைக் கோப்புகளைத் திறந்தால் தமிழே இல்லை, ஆங்கில எழுத்துகளாக வருகின்றன. இந்த வருடமும் நாள் நெருங்குகிறது. உண்மையிலேயே இது தேவைதானா?

ச., விருதுநகர்

அன்புள்ள ச.,

முதலில் அந்தப் பத்திரிகைக் கோப்புகள். அவை பெரும்பாலும் கெட்டுப்போயிருக்காது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருப்பீர்கள். அந்த வகைக் கோப்புக்குள் உண்மையில் இருப்பவை ஆங்கில எழுத்துகள்தான். அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுப்பது எழுத்துரு. ஃபார்மேட்டில் எழுத்துரு அழிந்ததும் உள்ளே இருந்தது அப்படியே வெளியே தெரிகிறது. எந்த எழுத்துருவில் அடித்தீர்களோ அதையே மறுபடி நிறுவுங்கள், தமிழ் திரும்பி வரும். அதுவரை அந்தக் கோப்புகளில் எதையும் மாற்றிச் சேமிக்க வேண்டாம்.

இனி உங்கள் கேள்வி. டிஸ்க்கைத் துடைத்து விண்டோஸைப் புதிதாகப் போடும் இந்த ஃபார்மேட் தேவையில்லை. வண்டிக்கு ஆயில் மாற்றுவதுபோல நாள் குறித்துச் செய்ய வேண்டிய வேலை இல்லை இது.

தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் விண்டோஸ் 98 காலத்து ஆளாக இருக்கலாம். அன்றைக்கு அது சரியான வைத்தியம்தான். எந்த நிரலும் விண்டோஸின் சொந்தக் கோப்புகள் மேலேயே தன்னுடைய பழைய பதிப்பை எழுதிவிட்டுப் போகலாம், தடுக்க ஆள் கிடையாது. ஒரு மென்பொருளை நீக்கினால் இன்னொன்று திறக்காது. கரண்ட் போனால் கோப்பு அமைப்பே, அதாவது டிஸ்க்கில் எது எங்கே இருக்கிறது என்ற கணக்கே, குழம்பும். நான்கைந்து மாதத்தில் எல்லாம் சிக்கலாகி, துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுவதே சுலபம் என்றாகிவிடும். 2001-இல் விண்டோஸ் எக்ஸ்பி வந்தபோது இந்த அடித்தளமே மாறியது. விண்டோஸ் தன் கோப்புகளைத் தானே காக்கத் தொடங்கியது. என்டிஎஃப்எஸ் என்ற அதன் கோப்பு அமைப்பு, கரண்ட் போனாலும் பெரும்பாலும் தன்னைச் சரிசெய்துகொண்டது. அடுத்து வந்த விண்டோஸ் விஸ்டாவிலிருந்து ஹார்ட் டிஸ்க்கில் சிதறிக் கிடக்கும் கோப்புகளை ஒழுங்குபடுத்தும் வேலையும் வாரம் ஒருமுறை தானாக நடக்கிறது. நோய் போன பிறகும் மருந்து மட்டும் பழக்கமாக நின்றுவிட்டது.

அப்படியானால் உங்கள் லேப்டாப் ஏன் ஒரு மாதம் ஓடுகிறது? துடைத்த கையோடு அதில் எதுவும் இல்லை. அப்புறம் கோரல் டிரா வருகிறது, ஃபோட்டோஷாப் வருகிறது, ஆன்டிவைரஸ், பிரவுசர், பிரின்டரோடு வந்த நாலு நிரல்கள். பாதிக்குப் பாதி ஆன் செய்ததும் தாமாகவே ஓடத் தொடங்குபவை. ஓடும் நிரல்களுக்கு இடம் தரும் 4 ஜிபி ராம் நிரம்பிவிடுகிறது. நிரம்பியதும் விண்டோஸ் மிச்சத்தை ஹார்ட் டிஸ்க்கில் வைத்து வைத்து எடுக்கிறது. அந்த ஹார்ட் டிஸ்க் நிமிடத்துக்கு 5400 முறை சுற்றும் தட்டு. லேப்டாப்களில் பெரும்பாலும் அதுதான். அங்கும் இங்கும் இருக்கும் சின்னச் சின்னத் துண்டுகளை விநாடிக்கு நூறு எடுத்தாலே அதற்குப் பெரிய விஷயம். சுற்றும் தட்டே இல்லாமல் சிப்பில் சேமிக்கும் சாதாரண எஸ்எஸ்டி அதே வேலையைப் பல ஆயிரம் முறை செய்யும். ஆகவே இது ராமும் டிஸ்க்கும் போதாத பிரச்சினை. எத்தனை முறை ஃபார்மேட் போட்டாலும் இந்த இரண்டும் மாறப்போவதில்லை.

ஒன்று செய்து பாருங்கள். மெதுவாக இருக்கும் நேரத்தில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். டிஸ்க் என்ற இடத்தில் 100 சதவீதம் என்று நின்றுகொண்டே இருந்தால் நான் சொன்னது உறுதி. ஸ்டார்ட்அப் பகுதியில் தேவையில்லாததை நிறுத்துங்கள். ஆன்டிவைரஸை மட்டும் தொட வேண்டாம். சி டிரைவ் சிவப்பாகத் தெரிகிற அளவுக்கு நிரம்பியிருந்தால் கொஞ்சம் காலி செய்யுங்கள். பிறகு தம்பியிடம் ஃபார்மேட் வேண்டாம், எஸ்எஸ்டி மாற்றி ராமை 8 ஜிபி ஆக்கித் தாருங்கள் என்று கேளுங்கள். சில மாடல்களில் ராம் போர்டோடு ஒட்டியிருக்கும், கூட்ட முடியாது. அப்படி இருந்தாலும் எஸ்எஸ்டி மட்டுமே பெரிய வித்தியாசம் தரும். பழைய டிஸ்க்கை அப்படியே குளோன், அதாவது முழு நகல், எடுத்து மாற்றலாம், உங்கள் எழுத்துரு ஒன்றுகூடப் போகாது. அதற்கு முன் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச நிரலில் பழைய டிஸ்க்கின் உடல்நிலையைப் பார்க்கச் சொல்லுங்கள். டிஸ்க்கே சாகக் கிடக்கும்போது ஃபார்மேட் போடுவது ஆபத்து.

இதில் நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2005-இல் அப்பா சொல்லச் சொல்ல அவருடைய சிறுவயது ஊர்க்கதைகளை நாற்பது பக்கம் போலத் தட்டி டெஸ்க்டாப்பில் வைத்திருந்தேன். கணினி மெதுவாக இருந்ததால் கடையில் கொடுத்தேன். டி டிரைவைத் தொட மாட்டோம், சி மட்டும்தான் என்றார்கள். டெஸ்க்டாப் என்பதே சி-க்குள் இருக்கும் ஒரு ஃபோல்டர் என்று எனக்குத் தெரியாது, அவர்களும் கேட்கவில்லை. விரைவு ஃபார்மேட் கோப்புகளின் பட்டியலை மட்டும்தான் அழிக்கும். மேலே வேறு எதுவும் எழுதாதவரை கோப்பை மீட்கலாம். ஆனால் அதன்மேல் விண்டோஸையே நிறுவி முடித்திருந்தார்கள். கிடைத்தது ஆறு பக்கம், அதுவும் துண்டு துண்டாக. அதற்குள் பக்கவாதத்தில் அப்பாவின் பேச்சு குழறத் தொடங்கியிருந்தது. மறுபடி சொல்லுங்கள் என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.

ஃபார்மேட்டே கூடாது என்றும் சொல்லவில்லை. வைரஸ் புகுந்து கோப்புகளைப் பூட்டிவிட்டாலோ, வங்கிக் கடவுச்சொல் களவு போனதாகச் சந்தேகம் வந்தாலோ துடைத்துப் புதிதாகப் போடுவதுதான் பாதுகாப்பு. லேப்டாப்பை விற்கும்போதும் வேண்டும். அப்போது விரைவு ஃபார்மேட் போதாது, முழுதாக அழிக்க வேண்டும்; இல்லாவிட்டால் வாங்குகிறவர் உங்கள் வீட்டுப் படங்களை மீட்டுவிட முடியும். விண்டோஸ் மட்டும் கோளாறு என்றால் செட்டிங்ஸில் ரீசெட் இருக்கிறது. உங்கள் கோப்புகளை வைத்துக்கொண்டு நிரல்களையும் அமைப்புகளையும் நீக்கும், பிறகு நிரல்களைத் திரும்ப நிறுவிக்கொள்ளலாம். எதைச் செய்வதானாலும் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், கூடவே விண்டோஸுக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டர் எல்லாவற்றையும் வெளியில் ஒரு டிஸ்க்கில் நகல் எடுங்கள். எடுத்ததோடு விடாமல் இன்னொரு கணினியில் திறந்தும் பாருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டன. 2018 மாடல் என்பதால் விண்டோஸ் 11 ஏறலாம், ஏறாமலும் போகலாம். இன்டெல் பிராசசர் என்றால் பெரும்பாலும் அதன் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அனுமதிக்கிறார்கள். எஸ்எஸ்டிக்குச் செலவு செய்வதற்கு முன்பே மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக் நிரலை ஓட்டிப் பாருங்கள். ஏறும் என்றால் அந்த மாற்றத்துக்கும் ஃபார்மேட் வேண்டாம், இருக்கும் கோப்புகளோடு அப்படியே மேலே ஏற்றிக்கொள்ளலாம்.

டாஸ்க் மேனேஜரில் என்ன காட்டியது என்று எழுதுங்கள். எழுத்துருவின் பெயர் நினைவில் இல்லையென்றால் அந்தக் கோப்பில் ஒரு வரியைத் தேர்வு செய்து பாருங்கள், எழுத்துருப் பெட்டியில் பழைய பெயர் இன்னும் நிற்கும்.