ஒரே பிஸ்டலில் பொழுதுபோக்கும் போட்டியும் நடக்குமா?

கேள்வி: எனக்கு 34 வயது. ஐந்து மாதமாக வார இறுதிகளில் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போய், அங்கே கொடுக்கும் ஏர் பிஸ்டலில் சுட்டுப் பழகுகிறேன். மிகவும் பிடித்துப்போய்விட்டது. சொந்தமாக ஒன்று வாங்க ஆசை. அறிமுகமான ஒருவர், “ஏர் பிஸ்டலெல்லாம் சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம். 9 எம்.எம். ஒன்று வாங்கிவிடுங்கள், பொழுதுபோக்குக்கும் ஆச்சு, போட்டிக்கும் ஆச்சு. பேப்பர் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்கிறார். இல்லாவிட்டால் அவரிடம் போட்டிக்கென்றே செய்த பழைய மேட்ச் ஏர் பிஸ்டல் ஒன்றும் இருக்கிறதாம். எனக்கு உள்ளங்கை சிறியது. எதை வாங்கட்டும்?

பதில்: 9 எம்.எம். வேண்டாம். அந்த எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள்.

ஒலிம்பிக்கில் பிஸ்டலுக்கு இன்று இருப்பது மூன்றே வகை. 10 மீட்டர் ஏர் பிஸ்டல், பெண்களுக்கான 25 மீட்டர் பிஸ்டல், ஆண்களுக்கான 25 மீட்டர் ரேபிட் ஃபயர். முதலாவதில் 4.5 மி.மீ. ஈயப் பெல்லட். மற்ற இரண்டிலும் 5.6 மி.மீ., அதாவது எல்லோரும் பாயின்ட் டூ டூ என்று சொல்வது. மூன்றிலும் 9 எம்.எம்.முக்கு வேலையே இல்லை. நகர்ந்துகொண்டே, நேரத்தோடு மல்லுக்கட்டிச் சுடும் பிராக்டிகல் போட்டிகளில் அது உண்டு. ஆனால் அதற்குத் தனிப் பயிற்சி, தனிப் பாதுகாப்புத் தேர்வு எல்லாம் இருக்கிறது. நீங்கள் பழகிக்கொண்டிருப்பது அதை அல்ல. “ஒன்றே எல்லாவற்றுக்கும்” என்று யாராவது சொன்னால், அவரிடம் விற்காமல் கிடப்பது அந்த ஒன்றுதான் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. பெரிய சத்தமும் உதைப்பும் உள்ள பிஸ்டலைப் புதியவர் கையில் கொடுத்தால், பத்துப் பதினைந்து தோட்டாவுக்குள் உடம்பு அதை எதிர்பார்க்கக் கற்றுக்கொள்கிறது. வெடிக்கும் முன்பே மணிக்கட்டு கீழே அமுங்கும், கண் மூடிக்கொள்ளும். இது ஒரு வாரத்தில் ஒட்டிக்கொள்ளும். கழற்ற ஒரு வருடம் ஆகும். ஏர் பிஸ்டலில் உதைப்பு இல்லாததுபோலத்தான் இருக்கும். அதனால் தப்பு எங்கே நடந்தது என்பதை உங்கள் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

அது சின்னப் பிள்ளைகள் சமாச்சாரமா என்பதற்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். 10 மீட்டர் இலக்கில் பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ. உங்கள் சுண்டுவிரல் நகம் அளவுதான். கை ஆடி, பிஸ்டல் முழுவதும் அப்படியே இணையாக 5 மி.மீ. பக்கவாட்டில் நகர்ந்தால் பெல்லட்டும் 5 மி.மீ. தள்ளிப் போகும். அப்போதும் பத்துதான். ஆனால் ட்ரிகரை இழுக்கும்போது மணிக்கட்டு லேசாகத் திரும்பி, குறிபார்ப்பதற்கான பின் சைட்டின் பள்ளத்துக்குள், குழல் முனையில் இருக்கும் முன் சைட் 1 மி.மீ. ஒதுங்கிவிட்டது என்று வையுங்கள். இரண்டு சைட்டுக்கும் இடையே சுமார் 35 செ.மீ. தூரம். அந்த 1 மி.மீ. இலக்கில் போய் ஏறக்குறைய 28 மி.மீ. ஆகிவிடும். ஏழு மதிப்பெண். கை ஆடுவதை எண்ணி எல்லோரும் கவலைப்படுகிறார்கள். மதிப்பெண்ணைத் தின்பது ஆட்டம் அல்ல, இந்தத் திருப்பம். அதனால்தான் கண்ணை இலக்கில் வைக்காதீர்கள், முன் சைட்டில் வையுங்கள் என்று பயிற்சியாளர்கள் ஓயாமல் சொல்கிறார்கள். இலக்கு மங்கலாகத் தெரியட்டும், பரவாயில்லை.

ஆகவே, ஏர் பிஸ்டல். இனி எது என்பது. ஸ்டெயர், மொரினி, வால்தர், ஃபைன்வெர்க்பாவ், பர்தினி என்று பெயர்கள் காதில் விழும். இந்த வரிசையில் எதை எடுத்தாலும் அதன் மேட்ச் மாடல் உங்களையும் என்னையும் விட நன்றாகவே சுடும். பெயரைக் கொண்டு வரிசைப்படுத்தித் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டு. ஒன்று கிரிப், அதாவது கைப்பிடி. இன்னொன்று, பழுதானால் பார்க்கத் தெரிந்த ஆளும் உதிரிப் பாகமும் எட்டும் தூரத்தில் இருக்கிறதா என்பது.

இரண்டாவதைச் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், தகுதிச் சுற்றின் நடுவே இந்திய வீராங்கனை மனு பாக்கரின் பிஸ்டல் பழுதானது. அதைச் சரிசெய்து திரும்புவதற்குள் நிமிடங்கள் பறந்தன. மீதியை அவசரத்தில் சுட்டு முடித்து 575 புள்ளிகளோடு 12-ஆம் இடம், இறுதிச் சுற்று கைநழுவியது. அதே பெண் 2024-ல் பாரிஸில் 10 மீட்டரில் வெண்கலம், சரப்ஜோத் சிங்கோடு, ஆணும் பெண்ணும் சேர்ந்து சுடும் கலப்பு அணியில் இன்னொரு வெண்கலம் என்று எடுத்தார். திறமை அன்றும் இருந்தது. உலகத் தரப் போட்டியிலேயே இப்படி நடக்கும் என்றால், உங்கள் ரேஞ்சில் வேறு யாரிடமும் இல்லாத அபூர்வ மாடலை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு ரப்பர் வளையத்துக்காக மாதக்கணக்கில் காத்திருக்கலாமா? நாலு பேர் வைத்திருக்கும் மாடலையே வாங்குங்கள்.

இப்போது உங்கள் சிறிய உள்ளங்கை. மேட்ச் பிஸ்டலின் கிரிப் பல அளவுகளில் வருகிறது, வலக்கை இடக்கை என்றும் தனித்தனி. “மீடியம் எல்லோருக்கும் பொருந்தும்” என்பார்கள், நம்பாதீர்கள். சோதனை எளிது. ஆளில்லாத திசையில், இலக்குப் பக்கம் குழலை வைத்து, குண்டு இல்லாத பிஸ்டலைப் பிடியுங்கள். கண்ணை மூடிக் கையை உயர்த்துங்கள். மூச்சைச் சீராக விட்டு இரண்டு நொடி கழித்துக் கண்ணைத் திறங்கள். முன் சைட் பின் சைட்டின் பள்ளத்துக்கு நடுவே தானாக நிற்கிறதா? ஒரே பக்கம் ஒதுங்கியே நிற்கிறது என்றால் கிரிப் உங்களுடையது அல்ல. பத்து முறை செய்து பாருங்கள். மணிக்கட்டை வளைத்து அதை நடுவுக்குக் கொண்டுவரக் கூடாது. அப்படி வளைத்ததுதான் முன்னே சொன்ன 28 மி.மீ. அடுத்தது, ஆள்காட்டி விரலின் முதல் கணுவின் சதை ட்ரிகரின் நடுவில் உட்காருகிறதா, விரலின் பக்கவாட்டு கிரிப்பில் உரசாமல் இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளங்கை சிறியவர்கள் ட்ரிகரை எட்டுவதற்காகக் கையையே சுற்றிப் பிடிப்பார்கள், அங்கே எல்லாம் கெட்டுவிடும்.

சின்னக் குறைகளுக்கு, மரவேலையில் இடுக்கு அடைக்கும் மரப்பட்டியும் உப்புத்தாளும் போதும். பட்டியை இடைவெளி இருக்கும் இடத்தில் அப்பி, மெல்லிய பிளாஸ்டிக் தாள் போட்டு அதன்மேல் கையை அழுத்தி எடுத்தால் உங்கள் உள்ளங்கை ரேகை முதற்கொண்டு பதியும். காய்ந்ததும் தேய்த்துக்கொள்ளுங்கள். ஆர்வத்தில் மணிக்கட்டைச் சுற்றி வளைக்கும் அளவுக்கு அப்பிவிடாதீர்கள். கிரிப்பின் எந்தப் பகுதியும் மணிக்கட்டைத் தாங்கக் கூடாது என்பது விதி, உபகரணச் சோதனையில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அந்தப் பழைய பிஸ்டலுக்கு வருகிறேன். இதில் எனக்குக் கோபம் அதிகம். என்னிடம் பழகிய ஒரு பையன் இப்படித்தான் ஒரு இடைத்தரகரிடம் வாங்கி வந்தான். பளபளவென்று துடைத்து, புதுப் பெட்டியில் போட்டுக் கொடுத்திருந்தார். முதல் போட்டியன்று சோதனை மேசையில் நடுவர் வேறெதையும் பார்க்கவேகூட இல்லை. பெல்லட்டைத் தள்ளும் அழுத்தக் காற்று அடைத்த சிலிண்டரைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பி, அதில் பொறித்திருந்த தேதியைப் படித்தார். தயாரித்து 13 வருடம் ஆகியிருந்தது. காற்றுச் சிலிண்டருக்கு ஆயுள் 10 வருடம். அதற்குமேல் போட்டியில் அனுமதி இல்லை. உள்ளே காற்றின் அழுத்தம் 200 பார் (bar) என்ற அளவில் இருக்கும், வெடித்தால் கை மிஞ்சாது. பையன் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினான். தரகர் போனையே எடுக்கவில்லை.

அதற்காகப் பழையதே கூடாது என்று சொல்லமாட்டேன். ஒரே ஒரு சூழலில் வாங்கலாம். உங்கள் ரேஞ்சிலேயே சுடுகிற ஒருவர், வேறு மாடலுக்கு மாறுகிறார். அவர் அதே பிஸ்டலில் போட்டி சுட்டதை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். அப்படியென்றால் மட்டும் மேலே பேசுங்கள். பேசும்போதும் ஒரே நாளில் முடிக்காதீர்கள். முதலில் சிலிண்டர் தேதி. இரண்டு சிலிண்டர் இருந்தால் இரண்டையும் பாருங்கள், ஒன்று புதிதாகவும் மற்றது காலாவதியாகவும் இருக்கலாம். பிறகு முழுதாகக் காற்று நிரப்பி, அழுத்தம் காட்டும் மானோமீட்டரின் முள் எங்கே நிற்கிறது என்று குறித்துவைத்துவிட்டு வாருங்கள். மறுநாள் போய்ப் பாருங்கள். முள் தெளிவாக இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது. அடுத்தது ட்ரிகர். குழலைச் செங்குத்தாகப் பிடித்து, 500 கிராம் எடையை ட்ரிகரில் தொங்கவிட்டுத் தூக்கச் சொல்லுங்கள். எடை தரையை விட்டு எழும்பும் முன்பே ட்ரிகர் விட்டுவிட்டால் அது விதிக்குக் கீழே இருக்கிறது. திருகில் சரிசெய்துவிடலாம் என்பார். சரிசெய்து, திரும்பவும் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். கடைசியாக, மேசையில் பிஸ்டலுக்கு முட்டுக் கொடுத்து ஐந்து குண்டு. துளைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து ஒரே ஓட்டையாகத் தெரிய வேண்டும். இது அத்தனையும் தேறி, உங்கள் அளவுக் கிரிப்பும் கிடைத்தால் வாங்குங்கள். இதில் ஒன்று தேறாவிட்டாலும், புதுச் சிலிண்டர், பழுது, கிரிப் என்று கூட்டிப்பார்த்தால் மலிவு என்று ஒன்றுமே மிஞ்சாது. உங்கள் நண்பர் சொல்லும் பிஸ்டல் இந்தச் சூழலில் வரவில்லை.

“பேப்பர் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றாரே, எனக்கு அதிகம் உறுத்துவது அதுதான். எதற்கு உரிமம் வேண்டும், எதற்கு வேண்டாம் என்பது நாட்டுக்கு நாடு வேறு. ஏர் பிஸ்டலுக்குக்கூடச் சில இடங்களில் பதிவு உண்டு. உரிய அலுவலகத்துக்கு நீங்களே போய், எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டு யாரிடமும் கொடுக்காதீர்கள். நாளை ஏதாவது ஒன்று என்றால் பெயர் உங்களுடையதுதான், தரகருடையது அல்ல. அலுவலகத்தில் அலைக்கழிப்பார்கள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. காகிதத்தில் ஓட்டை போடும் விளையாட்டுப் பிஸ்டலையும் இடுப்பில் செருகும் ஆயுதத்தையும் ஒரே படிவத்தில் கேட்கிறார்கள். ஒரே சான்றிதழை மூன்று மேசையில் மூன்று முறை காட்ட வேண்டியிருக்கிறது. இந்தத் தரகர்கள் பிழைப்பதே அந்த மூன்று மேசையால்தான். ஒழுங்காக ஒரு தாளில் விதியை எழுதிச் சுவரில் ஒட்டினால் பாதிப் பேர் காணாமல் போவார்கள்.

விளையாட்டு அமைப்புகளும் சளைத்தவை அல்ல. ஆண்களுக்கு மட்டுமே இருந்த 50 மீட்டர் பிஸ்டலை 2016 ரியோவோடு ஒலிம்பிக்கிலிருந்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கலப்பு அணிப் போட்டியைக் கொண்டுவந்தார்கள். பெண்களுக்குச் சம வாய்ப்பு வந்தது நல்லதே. ஆனால் அதற்கென்றே தனிப் பிஸ்டல் வாங்கி வருடக்கணக்கில் உழைத்தவர்களை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அதனால் வாங்கும் முன் நடப்பு விதிப் புத்தகத்தைக் கேளுங்கள், ரேஞ்ச் சுவரில் மஞ்சளடித்துக் கிடப்பதை அல்ல. இன்றைய அளவுக்கு ஏர் பிஸ்டலின் எடை 1500 கிராமைத் தாண்டக் கூடாது, 420, 200, 50 மி.மீ. உள்ள பெட்டிக்குள் அடங்க வேண்டும்.

காற்று நிரப்புவதில் ஒன்று. சுத்தமான அழுத்தக் காற்று மட்டும். எவராவது ஆக்சிஜன் சிலிண்டரில் நிரப்பித் தருகிறேன் என்றால் ஓடிவந்துவிடுங்கள். எண்ணெய்ப் பசையோடு அது சேர்ந்தால் தீப்பிடித்து வெடிக்கும்.

சுடுவதற்கென்றே விற்கும் கண்ணாடி, ஒரு கண்ணுக்கு மறைப்பு, ஷூ என்று பட்டியல் நீட்டினால் இப்போது வேண்டாம் என்று சொல்லுங்கள். பாரிஸில் துருக்கியின் யூசுஃப் டிகேச் சாதாரணக் கண்ணாடியும் டி-ஷர்ட்டுமாக, ஒரு கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு கலப்பு அணியில் வெள்ளி எடுத்தார். தட்டையான அடிப்பாகம் உள்ள ஷூ, பாதுகாப்புக் கண்ணாடி, காது அடைப்பான் போதும். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், பெல்லட் ஈயம்.

பிஸ்டல் வந்த முதல் மாதம் மதிப்பெண் எண்ணாதீர்கள். வீட்டில் குழலைத் திறந்து காலியாக இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, பெல்லட் டப்பாவை வேறு அறையில் வைத்துவிட்டு, வெள்ளைச் சுவரைப் பார்த்து டிரை ஃபயர் செய்யுங்கள், அதாவது குண்டில்லாமல் ட்ரிகரை மட்டும் இழுத்துப் பழகுங்கள். சுவரில் புள்ளிகூட வேண்டாம். ட்ரிகர் விடும் கணத்தில் முன் சைட் அசைகிறதா என்பதை மட்டும் கவனியுங்கள். தினம் கால் மணி நேரம். பிறகு பூட்டி வையுங்கள், சாவி உங்களிடமே இருக்கட்டும்.

இந்த வாரம் ரேஞ்சுக்குப் போகும்போது வேறு வேறு கிரிப் அளவுள்ள மூன்று பிஸ்டலைக் கேட்டு வாங்கி, அந்தக் கண் மூடும் சோதனையைச் செய்யுங்கள். ஒவ்வொன்றிலும் முன் சைட் எந்தப் பக்கம் ஒதுங்குகிறது, எத்தனை முறை என்று குறித்து எனக்கு எழுதி அனுப்புங்கள். அதைப் பார்த்துவிட்டு எந்த அளவு என்று சொல்கிறேன். அதுவரை முன்பணம் யாருக்கும் கொடுக்காதீர்கள்.