நூலகரிடம் ஆன்லைனில் கேட்கலாம்: இதை வாசகருக்கு எப்படிச் சொல்வது?

வாசகர் நேரில் வராமல் வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ கேள்வி அனுப்பலாம், நூலகர் தேடிப் பதில் சொல்வார். இந்த ரெஃபரன்ஸ் உதவியை மக்களிடம் கொண்டுபோவது பற்றிக் கடலூர், புதுச்சேரி நூலகர்கள் கேட்ட கேள்விகள் இவை. புதுச்சேரியில் ரெஃபரன்ஸ் மேசையில் பல வருடம் இருந்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

பண்ருட்டி: "எதையும் கேளுங்கள்" என்று வாசலில் பேனர் வைத்தோம். யாரும் கேட்கவில்லை. ஏன்?

வாசலில் நிற்பவருக்கு அப்போது கேள்வி இருக்காது. தேடிய புத்தகம் கிடைக்காதபோதுதான் கேள்வி பிறக்கும். நூற்பட்டியல் கணினியில் "பதிவு இல்லை" என்று வருகிற அதே திரையில், அலமாரியின் ஓரத்தில், ஜெராக்ஸ் கடையில் உங்கள் எண் இருக்கட்டும்.

இன்னொன்று, "எதையும்" என்றால் யாருக்கும் எதுவும் தோன்றாது. ஒரு கேள்வியையும் பதிலையும் அப்படியே அச்சிட்டு ஒட்டுங்கள். உதாரணமாக: "1748-இல் புதுச்சேரி வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதை அந்தக் காலத்தில் இங்கே வாழ்ந்தவர் யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா?" அப்போது பிரெஞ்சு ஆளுநரிடம் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை எழுதியிருக்கிறார். அவருடைய நாட்குறிப்பின் ஆங்கில மொழிபெயர்ப்பு 12 தொகுதிகள். அதில் எந்தத் தொகுதி, எந்தப் பக்கம் என்று நூலகர் எடுத்துக் காட்டுகிறார். இதைப் படிப்பவருக்குத் தன் தெருவைப் பற்றி, தன் ஊர்க் கோயிலைப் பற்றி ஒரு கேள்வி வரும். சேவை என்றால் என்ன என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

ஆனால் பதில் சொல்ல ஆளை உட்கார வைக்காமல் விளம்பரத்தைத் தொடங்காதீர்கள். கேள்வி அனுப்பிவிட்டு இரண்டு நாள் காத்திருந்தவர் மறுபடி வரமாட்டார்.

நெல்லிக்குப்பம்: போஸ்டரில் என்ன எழுதலாம்?

மேலே சொன்னதுதான். ஒரு கேள்வி, ஒரு பதில், எண், பதில் வரும் நேரம்.

சிதம்பரம், கல்லூரி நூலகர்: குரூப் 4 படிக்கிறவர்கள் கேள்வித்தாளையே படம் எடுத்து அனுப்புகிறார்கள். விடை சொல்லிவிட்டால் கூட்டம் சேரும். அதைவிட நல்ல விளம்பரம் உண்டா?

வேண்டாம். அப்புறம் உங்களை விடைத்தாள் கொடுக்கும் இடம் என்று நினைத்துவிடுவார்கள். விடை இருக்கும் பாடநூலைக் காட்டுங்கள். சமச்சீர்ப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

அதே நூலகர்: "வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து" என்று நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931-இலேயே விதி எழுதிவிட்டார். புத்தகத்தைக் காட்டி அனுப்புவது நேரத்தை மிச்சப்படுத்துமா?

அது நான்காவது விதி. "ஒவ்வொரு வாசகருக்கும் அவரவர் நூல்" என்ற இரண்டாவது விதியையும் எழுதியவர் அவரேதான். வாசகரும் நூலும் சந்திக்க வேண்டும், அதற்கான வழி நீளக் கூடாது. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

விருத்தாசலம்: நடுவில் வருகிறேன். எங்கள் வாசகி ஒருவர் ஜவுளிக்கடையில் இரவு ஒன்பது மணிவரை நிற்கிறார். பாடநூலைத் திறக்கச் சொன்னால் அவர் எப்போது திறப்பார்?

இந்தக் கேள்விக்கு மதிப்புக் கொடுக்கிறேன். அவருக்கு விடையையும் சொல்லுங்கள், பக்கத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள். முழுக் கேள்வித்தாளை மட்டும் வாங்காதீர்கள், சந்தேகம் உள்ளதை மட்டும் கேட்கச் சொல்லுங்கள். பக்கம் ஏன் முக்கியம் தெரியுமா? தேர்வாணையம் உத்தேச விடைகளை வெளியிட்டு ஆட்சேபம் கேட்கும்போது ஆதார நூலைக் காட்டச் சொல்கிறது. வெறும் விடையை வைத்துக்கொண்டு யாரும் ஆட்சேபிக்க முடியாது. உத்தேச விடை வெளியாகும் வாரம்தான் உங்கள் சேவையை விளம்பரம் செய்யச் சரியான வாரம். "ஆட்சேபத்துக்கு ஆதாரம் தேடித் தருகிறோம்" என்று பயிற்சி மையங்களின் வாசலில் ஒட்டுங்கள். அந்த வாரம் கூடுதலாக ஒருவரைப் பதில் சொல்ல உட்கார வையுங்கள்.

வில்லியனூர்: வாசகர்களை எல்லாம் ஒரே வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டால் சுலபம்தானே?

தயவுசெய்து செய்யாதீர்கள். எல்லாருடைய எண்ணும் எல்லாருக்கும் தெரிந்துவிடும். ஒரு பெண் ஜீவனாம்சச் சட்டம் பற்றி அங்கே கேட்பாரா? தனித்தனியாக மட்டும் பேசுங்கள். "நீங்கள் கேட்டது வெளியே போகாது" என்ற ஒரு வரியை விளம்பரத்திலேயே போடுங்கள். போஸ்டருக்காக ஒரு கேள்வியை எடுத்தால் கேட்டவரிடம் அனுமதி வாங்குங்கள், பெயர் போடாதீர்கள்.

கடலூர் முதுநகர்: மாத்திரை, நோய் பற்றிக் கேட்டால்?

நல்ல நூலைக் காட்டலாம். மருந்து சொல்வது மருத்துவர் வேலை.

திருப்பாதிரிப்புலியூர்: நோட்டீஸ் நல்லதா, போஸ்டர் நல்லதா?

மூன்றாவது தடவையாக இதே கேள்வி. காகிதத்தின் அளவில் ஒன்றும் இல்லை. முதல் பதிலைப் படியுங்கள்.

லாஸ்பேட்டை: தாத்தாவின் பிரெஞ்சுக் காலப் பிறப்புப் பதிவு வேண்டும் என்று கேட்கிறார்கள். எங்களிடம் இல்லை. இல்லை என்று சொன்னால் சேவைக்குக் கெட்ட பெயர் வராதா?

எங்கே இருக்கிறது என்று சொல்வதும் பதில்தான். பிரான்சில் எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் நகரில் உள்ள ஆவணக்காப்பகம் பழைய குடியேற்ற நாடுகளின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளை இணையத்தில் வைத்திருக்கிறது, புதுச்சேரியுடையதும் உண்டு. தேடல் பக்கம் பிரெஞ்சில் இருக்கும், பெயரின் எழுத்துக்கூட்டலும் மாறியிருக்கும். அங்கேதான் நூலகர் கூட இருந்து தேட வேண்டும். புதுச்சேரியில் இந்தத் தேவை உள்ள குடும்பங்கள் நிறைய. "தாத்தாவின் பதிவைத் தேட உதவுகிறோம்" என்று பிரெஞ்சு வகுப்பு நடக்கும் இடங்களில் எழுதி வையுங்கள். பிரெஞ்சு படிக்கத் தெரிந்த ஊழியர் எந்தக் கிழமை இருப்பார் என்பதையும் அதிலேயே போடுங்கள்.