குழுவுக்குக் கொடுத்த மாடல் யாருக்குச் சொந்தம்?

கேள்வி: ஸ்கைரிம் கணினி விளையாட்டுக்கு மாட் (ரசிகர்கள் செய்து சேர்க்கும் மாற்றம்) செய்யும் ஒரு குழுவில் இரண்டு வருடம் சம்பளமில்லாமல் உழைத்தேன். வாள், கவசம், வீடு என்று நாற்பது முப்பரிமாண மாடல்கள் நான் செய்தவை. தலைவரோடு ஒத்துவராமல் விலகிவிட்டேன். "குழுவுக்குக் கொடுத்தது குழுவுக்கே" என்கிறார் அவர். நான் இருப்பது இந்தியாவில். மாடல்களைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: மாடல்கள் உங்களுடையவைதான், அதில் தயங்க வேண்டாம். நம் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 17-வது பிரிவுப்படி படைத்தவரே முதல் உரிமையாளர். சம்பளத்துக்கு வேலை பார்த்திருந்தால் கதை வேறு, நீங்கள் வாங்கவில்லை. உரிமையை இன்னொருவர் பெயருக்கு மாற்ற 19-வது பிரிவு நீங்கள் கையெழுத்திட்ட எழுத்தைக் கேட்கிறது. தலைவர் வாயால் சொன்னால் அது மாறிவிடாது. ஆனாலும் சேரும்போது ஏதாவது படிவத்துக்கு ஒப்புதல் கொடுத்தீர்களா என்று பழைய மெயிலைத் தேடிப் பார்த்துவிடுங்கள்.

சரி, சொந்தம் என்பதாலேயே பிடுங்கிக்கொண்டு வந்துவிட முடியுமா? இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். நீங்களே கோப்பை ஏற்றி, டிஸ்கார்டு அரட்டையில் "இதைச் சேர்த்துக்கோங்க" என்று எழுதியிருந்தால் அது அனுமதி கொடுத்ததற்குச் சாட்சி, ஏற்கெனவே வெளியான பதிப்பிலிருந்து அதை உருவி எடுப்பது கஷ்டம். வார்கிராஃப்ட் விளையாட்டுக்கு ரசிகர்கள் செய்த டோட்டா என்ற மாட் விஷயத்தில், அதை முதலில் செய்தவர் 2004-இல், யார் வேண்டுமானாலும் இதன் பதிப்பை வெளியிடலாம் என்று இணையத்தில் எழுதிவிட்டுப் போனார். 2017-இல் கலிபோர்னியா நீதிமன்றத்தில் அந்த ஒரு பதிவுக்கு என்ன அர்த்தம் என்று பெரிய நிறுவனங்களின் வக்கீல்கள் வாதாடிக்கொண்டிருந்தார்கள். அதனால் தலைவரோடு பேசிய பழைய உரையாடலை ஒரு வரி விடாமல் படியுங்கள், திரையைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. மைன்கிராஃப்ட் சர்வர்களுக்கான பக்கிட் திட்டத்தில், தானாக வந்து நிரல் எழுதிய ஒருவர் 2014 செப்டம்பரில் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டப்படி நீக்கக் கோரிக்கை அனுப்பினார். தரவிறக்கமே நின்றுபோனது, சர்வர் நடத்திய எத்தனையோ பேர் திண்டாடினார்கள். வெறும் கோபத்தில் அவர் அதைச் செய்யவில்லை. அவர் நிரல் கொடுத்தது ஜிபிஎல் உரிமத்தில் (சில நிபந்தனைகளோடு யாரும் பயன்படுத்தலாம் என்கிற உரிமம்), அந்த உரிமத்தின் நிபந்தனை மீறப்படுகிறது என்பது அவர் வாதம். உங்களுக்கும் கேள்வி அதுதான்: என்ன நிபந்தனையில் கொடுத்தீர்கள்?

அப்புறம், நாற்பதையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். பிளெண்டர் என்ற மாடல் செய்யும் மென்பொருளில் வெறும் திரையிலிருந்து நீங்கள் இழைத்த வாள் வேறு, விளையாட்டிலேயே இருக்கும் வாளுக்குச் சாயம் மாற்றியது வேறு. பின்னதன் அடித்தளம் ஸ்கைரிமை உருவாக்கிய பெதெஸ்டா நிறுவனத்துடையது. 2015 ஏப்ரலில் ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் ஸ்கைரிம் மாட்களை விலைக்கு விற்க ஆரம்பித்தபோது, ஒரு மீன்பிடி மாட்டுக்குள் இன்னொருவர் செய்த அனிமேஷன் வேலை இருக்கிறது என்று பிரச்சினை கிளம்பி, அதை உடனே எடுக்க வேண்டியதாயிற்று.

என் யோசனை இது. வெளியான பதிப்பை விட்டுவிடுங்கள். மாட்களைப் பகிரும் நெக்ஸஸ் மாட்ஸ் தளத்தில் ஏற்றியிருந்தால் 2021-இல் மாறிய விதிப்படி அழித்த கோப்பும் காப்பகத்தில் இருக்கும், அதற்காகச் சண்டை போட்டு ராத்தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். இனி வரப்போகும் பதிப்புகள், வேறு விளையாட்டு, விற்பனை, நன்கொடை வசூல், இவற்றுக்கு உங்களைக் கேட்காமல் பயன்படுத்தக் கூடாது என்று இன்றைக்கே எழுதி அனுப்புங்கள். உங்கள் பெயர் போடுவதில் மட்டும் இம்மியும் இறங்கிவராதீர்கள். 57-வது பிரிவின்படி அது உங்கள் உரிமை, பதிப்புரிமையையே எழுதிக் கொடுத்திருந்தாலும் அது போகாது. மாடல் பட்டியல், செய்த தேதி, மூலக் கோப்பு மூன்றையும் தனி டிரைவில் போட்டு வையுங்கள். இன்னும் வெளிவராத மாடல்கள் இருந்தால் அந்தக் கடிதத்திலேயே பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அவற்றுக்கு அனுமதி இல்லை என்று எழுதிவிடுங்கள்.